உஷார்! தீர்மான நோட்டை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

பசுவந்தனை வட்டாரத்துக் கரிசல்காட்டுக்காரர்களே, அடுத்த கிராம சபையில் யாராவது தீர்மான நோட்டை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி" என்றால் பேனாவைத் திறக்காதீர்கள். உள்ளே எழுதியிருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ஊராட்சிகளுக்கு இப்போது மார்க் போடுகிறார்கள். 2025 ஏப்ரலில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் வெளியிட்ட ஊராட்சி முன்னேற்றக் குறியீட்டில் 2,16,285 ஊராட்சிகள் இடம்பெற்றன. நூற்றுக்கு 90 தொட்ட ஊராட்சி அதில் ஒன்றுகூட இல்லை; 75-ஐத் தாண்டியவையே 699தான். கண்டிப்பான வாத்தியார் மாதிரி தெரிகிறதல்லவா? ஆனால் தரவைப் பதிவேற்றுவது மார்க் வாங்கப்போகிற ஊராட்சியும் துறைகளும்தான்.

குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கில் ஒரு ஊர் இரண்டு படி ஏறவேண்டும். 'எல்லா வீட்டுக்கும் குழாய் கொடுத்தாச்சு' என்று துறை அறிவிப்பது முதல் படி. வீடு, பள்ளி, அங்கன்வாடி எல்லாவற்றிலும் தண்ணீர் வருகிறது என்று கிராம சபை தீர்மானம் போட்டால்தான் 'சான்று பெற்ற ஊர்'. அந்த இரண்டாவது படி முழுக்க உங்கள் கையில். திட்டம் சொல்வது ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், அதுவும் தரமான தண்ணீர், தவறாமல். சுவரோரம் குழாய் நட்டு, ஆதார் எண்ணும் போட்டோவும் எடுத்துக்கொண்டு போவது அதில் சேராது. குழாய் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, தண்ணீர் வருகிறதா என்பது வேறு கேள்வி. மாற்றிக் கேட்டால் மாற்றித்தான் பதில் எழுதுவார்கள்.

உப்பையும் விடாதீர்கள். நம் பக்கத்து போர் தண்ணீரை வாயில் வைத்தவருக்கு விளக்கம் வேண்டாம். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்குக் கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தரவேண்டும் என்பது திட்ட விதி. அந்த ஐந்து பேர் யார், கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று சபையில் கேளுங்கள். சபையில் வைக்கிற ஊராட்சி வரவு செலவு பிளக்ஸ் பேனரையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. தெருவில் நிறுத்திக் கேட்க ஒரு தலைவர்கூட இல்லாத காலத்தில் எழுதப்பட்ட கணக்குகளை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்கவேண்டும்.

ஆண்டுக்கு ஆறு சபை. அதில் அக்டோபர் 2 நமக்கு ஆபத்தான நாள்: புரட்டாசி, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிற அவசரம், ஊரே காட்டில் கிடக்கும். 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தாலே சபை செல்லும். அந்த நூறும் நூறு நாள் வேலைக்காரர்களாக மட்டும் இருந்துவிட்டால் மறுகேள்வி வராது. வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அன்று வீட்டுக்கு ஒருவராவது போய் உட்காருங்கள். தண்ணீர் வராத தெருவின் பெயரை நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றிய பக்கத்தைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.