‘ஃப்ளீஸ்’ என்று கேட்டால் எதைக் கொடுப்பது?

நம் சங்க உறுப்பினர்களில் பலர் மளிகையோடு ஒரு அலமாரி பனியன், ஜட்டி, துண்டு, லுங்கியும் வைத்து விற்பவர்கள். நாங்களும் அப்படித்தான். பாலாற்றங்கரை ஊரில் குளிர் உடுப்புக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கும்பெனிக் காலத்தில் வாலாஜாபாத்தில் ராணுவ கண்டோன்மென்ட் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு நம் வெயிலில் அணிவகுத்தார்கள். அதற்குப் பிறகு இங்கே கம்பளிக்குப் பெரிய தேவை ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. மார்கழிப் பனிக்கு ஒரு மப்ளர், ஒரு போர்வை, அவ்வளவோடு வியாபாரம் முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு பக்கத்துக் கிராமத்து வாடிக்கையாளர் ஒருவர் துண்டுச் சீட்டோடு வந்தார். மகன் ஸ்காட்லாந்தில், சால்மன் மீன் பண்ணையில் முக்குளிப்பு வேலை பார்க்கிறான். கடலுக்குள் கட்டியிருக்கும் வலைக்கூண்டில் இறங்கி, கிழிசல் பார்ப்பதும் செத்த மீனை எடுப்பதும் வேலை. குளிர்காலத்தில் அங்கே கடல் தண்ணீர் 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். ‘டிரை சூட்’ என்ற உடுப்புக்கு உள்ளே போட்டுக்கொள்ள ஃப்ளீஸ் உள்ளாடை வேண்டும், அங்கே அதற்கென்று விற்பது விலை அதிகம் என்று எழுதியிருந்தான். “பனியன் துணிதானே முதலாளி, திருப்பூர்ல கிடைக்காததா?” என்றார் அப்பா. நாங்களும் கிடைக்கும் என்றே சொன்னோம்.

கிடைத்தது. மொத்தக் கடையில் ஃப்ளீஸ் என்று கேட்டோம். கனமாக, உட்புறம் பஞ்சு போல மெத்தென்று, கையில் பிடித்தாலே கதகதப்பாக இருந்தது. மூன்று செட் வாங்கி பார்சல் போனது. இருபது நாள் கழித்து அப்பா முகம் வாடி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு இறங்கிய பையன் பாதி நேரத்திலேயே நடுக்கம் தாங்காமல் மேலே வந்துவிட்டானாம். விரல் மரத்துப்போய், உடுப்பில் காற்று விடுகிற பொத்தானை அழுத்தவே சிரமப்பட்டானாம். தண்ணீருக்கடியில் கை மரத்துப் போவது சாதாரண விஷயம் அல்ல. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் எங்கே தவறினோம் என்பது அன்று புரியவில்லை.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. திருப்பூர்ச் சந்தையில் ஃப்ளீஸ் என்றால் பெரும்பாலும் மூன்று நூல் பருத்தித் துணி. உட்புற நூலைச் சுரண்டி மெத்தென்று ஆக்கியிருப்பார்கள். ஸ்வெட் ஷர்ட் தைப்பது இதில்தான். குளிர்நாட்டில் ஃப்ளீஸ் என்று சொல்வது ‘போலார் ஃப்ளீஸ்’, முழுக்க பாலியெஸ்டர். பெயர் ஒன்று, சரக்கு வேறு. மொத்தக் கடைக்காரர் மேல் குற்றமில்லை, கேட்டதைக் கொடுத்தார். கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள்தான்.

பருத்தியில் என்ன கெடுதல்? நம் ஊர் வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. வியர்வையை உறிஞ்சும், மெல்ல உலரும், உடம்பு குளிரும். குளிர்நாட்டில் அதே குணம்தான் எமன். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். துணி சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. அந்த இடத்தில் ஈரம் புகுந்தால் எத்தனை கனமான துணியும் வீண். ஜவுளிக் கணக்கில் சாதாரணக் காற்றிலேயே பருத்தி எடையில் எட்டரை சதம் ஈரம் பிடிக்கும். பாலியெஸ்டர் அரை சதம்கூட இல்லை. கம்பளி 16 சதம் பிடிக்கும், பருத்தியைவிட அதிகம். ஆனாலும் நனைந்த பிறகும் அதன் சுருள் இழை படிந்துபோகாது, சூடு தங்கும்.

டிரை சூட் என்பது கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிய, தண்ணீர் புகாத மேல் உறை. மெல்லிய துணியில் செய்த வகையில் அந்த உறைக்கென்று சூடு கிடையாது. சூடெல்லாம் உள்ளாடையில். வெளித் தண்ணீர் வராவிட்டாலும் உள்ளே வியர்வை உண்டு. வேலை செய்கிறவனுக்கு அதிகமாகவே உண்டு. ஆகவே தோலை ஒட்டி ஒரு மெல்லிய பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதன் மேல் தடித்த போலார் ஃப்ளீஸ். பணம் இருந்தால் 3எம் நிறுவனத்தின் தின்சுலேட் அடைத்த உடுப்பு. அழுத்தத்திலும் ஈரத்திலும் அது அதிகம் அமுங்காது. நாம் விற்க முதல் இரண்டே போதும்.

அளவில் நாங்கள் செய்த இன்னொரு தவறும் உண்டு. ‘சின்னதா இருந்தா கிச்சுனு பிடிக்கும்’ என்று ஒரு சைஸ் குறைத்துக் கொடுத்தோம். இறுக்கினால் நடுவில் காற்றுக்கு ஏது இடம்? அதற்காகத் தொளதொள என்றும் கூடாது. உள்ளே காற்று அதிகமானால் ஆள் மிதப்பான். இடுப்பில் கூடுதல் ஈயம் கட்டித்தான் இறங்க முடியும். உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்து, எங்கும் இழுக்காமல் இருந்தால் அதுவே சரியான அளவு. கையின் நீளமும் முக்கியம்: நூல் ஒன்று மணிக்கட்டு ரப்பருக்கு அடியில் மாட்டினாலே தண்ணீர் உள்ளே வரும். மலிவு ஃப்ளீஸில் உருண்டு உருண்டு வரும் பிசிர், காற்று வெளியேறும் வால்வை அடைக்கும். இதையெல்லாம் பையன் போனில் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டோம்.

முக்குளிப்பவர் நம் வட்டாரத்தில் எத்தனை பேர், இது யாருக்கு என்று நினைக்க வேண்டாம். கேதார்நாத் போகிறவர்கள் நம்மிடம்தான் வருகிறார்கள். கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில்; கௌரிகுண்டிலிருந்து நடக்கும்போது வியர்க்கும், மழை பிடிக்கும், நின்றால் குளிர் ஏறும். அவர்களுக்கு நாம் கொடுப்பது தடித்த காட்டன் பனியன்! உறைய வைத்த உணவுப் பொருளுக்கு மைனஸ் 18 டிகிரி என்பது விதி. ஐஸ்கிரீம், மீன் ஏஜென்சி வைத்திருக்கும் உறுப்பினர்களின் குளிர் அறைக்குள் பெட்டி தூக்கி, வியர்த்து, வெளியே வந்து மறுபடி உள்ளே போகும் பையன்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். மேலே கோட்டு இருக்கும், உள்ளே நனைந்த பருத்தி இருக்கும்.

கொள்முதலில் லேபிளைப் படியுங்கள். ‘தெர்மல்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பாமல் இழை என்ன என்று பாருங்கள். லேபிள் இல்லாவிட்டால் தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவி, கடைக்கு வெளியே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கம்பளி மயிர் கருகிய நாற்றம் அடிக்கும். பாலியெஸ்டர் உருகி மணியாக உருண்டு நிற்கும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு. போலார் ஃப்ளீஸில் சதுர மீட்டருக்கு 100, 200, 300 கிராம் என்று தரம் உண்டு. யாத்திரைக்கு 200 போதும், நடுக்கடலுக்கு 300 வேண்டும். லூதியானா சரக்கில் மூன்றும் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் உருப்படி 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதம்தான் என்பதால் இந்த விலைச் சரக்கில் வரி பெரிய இடைஞ்சல் இல்லை. துவைக்கும்போது கம்ஃபர்ட் வகையறா வேண்டாம், இஸ்திரி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். மணியாக உருகியதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

இரண்டாவது பார்சலில் மெல்லிய பாலியெஸ்டர் இன்னர் இரண்டு செட்டும், 300 கிராம் ஃப்ளீஸில் கால்சட்டை, சட்டையும், கம்பளிக் காலுறையும் வைத்து அனுப்பினோம். காலுறை ஒரு சைஸ் பெரிது. முழு வேலை நேரமும் தாங்குகிறதாம், பாதம் மட்டும் கொஞ்சம் சில்லிடுகிறதாம். தின்சுலேட் காலுறை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். முதல் பார்சலில் போன மூன்று செட்டும் திரும்பி வரவில்லை. அறையில் இருக்கும்போது போட்டுக்கொள்ள அருமையாக இருக்கிறது என்று பையன் வைத்துக்கொண்டான். அதற்கு விலை வாங்கிக்கொள்ளச் சொல்லி அப்பா இன்னமும் எங்களோடு வாதாடுகிறார்.