ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்... எமர்ஜென்சியில் ஸ்நேகலதா ரெட்டிக்கு என்ன நடந்தது?

காலை ஏழு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால், ஜுஜுவாடி தாண்டியதும் கடைப் பலகைகளில் தமிழ் குறைந்து கன்னடம் கூடத் தொடங்கும். அடுத்து அத்திப்பள்ளி. மாநிலம் மாறிவிட்டது என்பதை, பக்கத்து சீட்டில் தூங்குபவர் கவனிப்பதுகூட இல்லை. ஐ.டி வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் என்று தினமும் ஆயிரக்கணக்கானோர் கடக்கும் கோடுதான் அது.

ஆனால் 1975-ல், இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் இந்தப் பக்கம் இருப்பதும் ஒன்றாக இருக்கவில்லை. ஏழு மாதங்களுக்கு!

ஒரு கையெழுத்து போதும்

1975 ஜூன் 12. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். ஜூன் 25 இரவு, 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தைச் சொல்லி, அரசியலமைப்பின் 352-வது பிரிவின்கீழ் அவசரநிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அன்றிரவே டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த தெருவில் கரண்ட் கட். விடிவதற்குள் தலைவர்கள் கைது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், எல்லாமே சட்டப்படி நடந்தது என்பதுதான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாக இருக்கும்: அவசரநிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு, ஜெர்மனியின் வைமர் அரசியலமைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதே வைமர் சட்டத்தின் 48-வது பிரிவை வைத்துத்தான், நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்த மறுநாள், 1933 பிப்ரவரி 28 அன்று, பேச்சுரிமை உள்ளிட்ட உரிமைகளை ஹிட்லர் அரசு முடக்கியது. அவர் பதவிக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 23-ல், நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போடும் அதிகாரமும் கைக்கு வந்துவிட்டது.

இந்திரா காந்தி ஹிட்லர் அல்ல. 21 மாதங்களில் அவரே தேர்தலை அறிவித்தார், தோற்றார், பதவியை விட்டு விலகினார். ஆனால் இரண்டு நாடுகளிலும் கதவைத் திறந்த சாவி ஒரே மாதிரியானது. 'நாட்டுக்கு ஆபத்து' என்று ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து.

கோட்டுக்கு இந்தப் பக்கம்

கர்நாடகத்தில் அப்போது தேவராஜ் அர்ஸ் தலைமையில் காங்கிரஸ் ஆட்சி. நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்காக பெங்களூர் வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே ஆகியோர் ஜூன் 26 அன்றே அங்கு கைது செய்யப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் கருணாநிதி தலைமையில் தி.மு.க ஆட்சி. ஜூன் 27-ல் கட்சியின் செயற்குழு அவசரநிலையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. தணிக்கை இங்கேயும் உண்டு. ஆனால் வடக்கில் நடந்ததுபோன்ற கைது வேட்டை இல்லை. போலீஸ் தேடிய எதிர்க்கட்சியினர் சிலருக்கு, எல்லை தாண்டினால் மூச்சுவிட இடம் கிடைத்தது.

1976 ஜனவரி 31-ல் அதுவும் முடிந்தது. ஆட்சி கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மறுநாளே 'மிசா'வில் கைதுகள். திருமணமாகி ஆறு மாதம்கூட ஆகாத 22 வயது மு.க.ஸ்டாலின் அவர்களில் ஒருவர். சென்னை மத்திய சிறையில் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். தன்மேல் விழுந்த அடிகளைத் தடுக்கப் போய் படுகாயம் அடைந்தவர் முன்னாள் மேயர் சிட்டிபாபு என்று ஸ்டாலின் பலமுறை சொல்லியிருக்கிறார். 1977 ஜனவரியில் சிட்டிபாபு இறந்தார். அந்தச் சிறைக் கொடுமைகளை பின்னர் நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது.

நான்காம் நாள்

1976 ஏப்ரல் 28. 'எமர்ஜென்சி காலத்தில் ஒருவரை சட்டவிரோதமாகப் பிடித்துவைத்தால், கோர்ட்டுக்குப் போகலாமா?' என்ற கேள்விக்கு, முடியாது என்று சுப்ரீம் கோர்ட் பதில் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அந்தப் பக்கம். மறுத்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா மட்டும். அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி பிறகு அவருக்கு ஜூனியரான நீதிபதிக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார்.

தீர்ப்பு வந்த நான்காம் நாள், மே 2-ல், ஸ்நேகலதா ரெட்டி கைதானார்.

யார் இவர்? நாடக நடிகை, சோஷலிஸ்ட். 1970-ல் தேசிய விருது பெற்ற 'சம்ஸ்காரா' கன்னடப் படத்தின் நாயகி. இயக்குநர் பட்டாபிராம ரெட்டியின் மனைவி. தலைமறைவாக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸின் நண்பர். ஜார்ஜ் எங்கே என்று கேட்டு, அவர் தம்பி லாரன்ஸை அதற்கு முந்தைய நாள்தான் பிடித்துச் சென்று போலீஸ் சித்ரவதை செய்தது.

ஸ்நேகலதாவுக்குக் கடுமையான ஆஸ்துமா. பெங்களூர் மத்திய சிறையின் சின்ன அறையில், விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டார். ஜூன் 10-ல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் கல்கத்தாவில் பிடிபட்டார். பரோடா டைனமைட் வழக்கின் குற்றப்பத்திரிகை தயாரானது. அதில் ஸ்நேகலதாவின் பெயரே இல்லை! அப்படியும் வெளியே விடவில்லை.

உள்ளேயும் அவர் சும்மா இருக்கவில்லை. பெண் கைதிகளை அடிப்பதை எதிர்த்தார், நல்ல சாப்பாடு கேட்டார், அவர்களை வைத்து நாடகம் போட்டார். அவர் எழுதிவைத்த சிறைக் குறிப்புகள் பிறகு நூலாக வந்தன. உடல்நிலை மோசமானதும் 1977 ஜனவரி 15-ல் பரோலில் விட்டார்கள். ஐந்தே நாளில், ஜனவரி 20-ல், இறந்துபோனார். தேர்தல் அறிவிப்பு வந்து அப்போது இரண்டு நாள் ஆகியிருந்தது.

சம்பளக் கவருக்குள்ளும் வந்தது

'நமக்கென்ன, அரசியல்வாதிகள் பாடு' என்று ஒதுங்கியவர்களையும் எமர்ஜென்சி விடவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு 8.33 சதவிகிதம் என்ற எண் பழக்கமானது. அதுதான் குறைந்தபட்ச போனஸ். 1975 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் அதை 4 சதவிகிதமாக வெட்டியது. ஸ்டிரைக் செய்ய வழியில்லை. கேள்வி கேட்ட தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் ஜெயிலில். பழைய 8.33 திரும்பி வந்தது 1977-ல், ஆட்சி மாறிய பிறகுதான்.

1,10,806 பேர் விசாரணையின்றியோ பாதுகாப்புச் சட்டங்களின்கீழோ சிறைவைக்கப்பட்டதாக ஷா கமிஷன் கணக்கெடுத்தது. 1976-77-ல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள். அவற்றில் பல கட்டாயப்படுத்திச் செய்யப்பட்டவை.

இன்னொரு சங்கடமான உண்மையும் உண்டு. 1977 தேர்தலில் வடக்கில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. தமிழ்நாட்டிலோ காங்கிரஸ் - அ.தி.மு.க கூட்டணி 39-ல் 34 தொகுதிகளை வென்றது. அதற்கு உள்ளூர் அரசியல் காரணங்கள் உண்டு, வடக்கின் கட்டாயக் கருத்தடை இங்கே அந்த வேகத்தில் நடக்காததும் ஒரு காரணம். ஆனால் தணிக்கை செய்த பத்திரிகையை மட்டும் படித்த ஒரு குடும்பத்துக்கு, பக்கத்து ஊர்ச் சிறையில் ஒரு பெண் மூச்சுத் திணறுவது எப்படித் தெரிந்திருக்கும்?

அந்தச் சிறை இன்று

1978-ல் 44-வது திருத்தம் வந்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற வார்த்தை போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. உயிர் வாழும் உரிமையை எமர்ஜென்சியிலும் முடக்க முடியாது என்றானது. 1976 தீர்ப்பை சுப்ரீம் கோர்ட் முழுமையாகத் தூக்கியெறிந்தது 2017-ல், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பில். வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவரான டி.ஒய்.சந்திரசூட், 1976-ல் பெரும்பான்மைப் பக்கம் நின்ற ஒய்.வி.சந்திரசூட்டின் மகன். அப்பாவின் தீர்ப்பை மகன் தவறென்று எழுத 41 வருடங்கள் ஆயின.

ஸ்நேகலதா இருந்த சிறை இப்போது 'ஃப்ரீடம் பார்க்'. மெஜஸ்டிக்கில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். காவல் கோபுரமும் சில கொட்டடிகளும் அப்படியே இருக்கின்றன. பெங்களூரில் ஆர்ப்பாட்டம் என்றால் பெரும்பாலும் அங்கேதான்.

நான் போன மதியம், மரத்தடி பெஞ்சில் இரண்டு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, சம்பள பாக்கி கேட்டு ஒரு கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் ஓரமாக நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. சாதாரணக் காட்சிதான். இந்தச் சாதாரணம் 21 மாதங்கள் இந்த நாட்டில் இல்லாமல் இருந்தது.

அடுத்த முறை பெங்களூர் போனால், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கே நடந்து பாருங்கள். ஸ்நேகலதா என்று ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள்.