மெரினா சிவப்புக் கட்டடமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



போன வருஷம் எளாவூர் பகுதிக் குழுக்களிலிருந்து நாம் சென்னைக்குக் கண்டுணர் பயணம் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். மதியம் மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தோம். எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கல்லில் பெரிய கட்டடம், மேலே குமிழ் குமிழாகக் கோபுரம். "மேடம், அது கோர்ட்டா, ராஜா அரண்மனையா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"அது சென்னைப் பல்கலைக்கழகம் அக்கா" என்றேன்.

"ஓ, பெரிய படிப்பு படிச்சவங்க இடம். நமக்கு அங்க என்ன வேலை" என்று சொல்லிவிட்டு அவர் புளிசாதத்தைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த அக்காவின் மகள் பொன்னேரி அரசு கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். தினமும் எளாவூர் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாள். அவளுடைய டிகிரி சர்டிபிகேட்டில் வரப்போவது அந்தச் சிவப்புக் கட்டடத்தின் பேர்தான். அது அம்மாவுக்குத் தெரியவில்லை. இது அவருடைய தப்பு இல்லை, நாம் யாரும் சொல்லவில்லை. அதனால் இந்த இதழில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு

நம் குழுவை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். குழுவில் சேமிக்கிறோம், கடன் கொடுக்கிறோம், கூட்டம் போடுகிறோம். ஆனால் பல குழுக்களுக்கும் சேர்த்துக் கூட்டமைப்பு இருக்கிறது. விதிமுறை சொல்வது, நோட்டு சரியா என்று தணிக்கை செய்வது, தரம் பிரிப்பது எல்லாம் மேலே நடக்கிறது.

கல்லூரி என்பது குழு மாதிரி. தினமும் பாடம் நடப்பது அங்கே. பல்கலைக்கழகம் கூட்டமைப்பு மாதிரி. எந்தப் படிப்புக்கு என்ன பாடம், பரீட்சை எப்படி, பாஸ் யார், பட்டம் யாருக்கு என்பதை அது முடிவு செய்கிறது. ஒரு கல்லூரியை அது சேர்த்துக்கொண்டால் "இணைவு பெற்ற கல்லூரி" என்பார்கள். சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி உண்டு. அவர்களே பரீட்சை வைப்பார்கள், ஆனாலும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பேரில்தான்.

சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரியும் அதில் ஒன்று. இன்ஜினியரிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். டாக்டர், நர்ஸ் படிப்புக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். வக்கீல் படிப்புக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். ஒரு காலத்தில் இவை எல்லாமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. குடும்பம் பெருசானதும் பிள்ளைகளைத் தனிக்குடித்தனம் வைப்பது போல ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

எப்போது வந்தது?

1857-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி சட்டம் போட்டு இதைத் தொடங்கினார்கள். அதே வருஷம்தான் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பல்கலைக்கழகங்கள் வந்தன. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் அமைத்தது. அதனால் ஆரம்பத்தில் பாடம் நடத்தவில்லை, பரீட்சை வைத்துப் பட்டம் மட்டும் கொடுத்தது.

நாம் பார்த்த சிவப்புக் கட்டடத்துக்கு செனட் ஹவுஸ் என்று பேர். 1874-ல் ஆரம்பித்து 1879-ல் முடித்தார்கள். ராபர்ட் சிசோம் என்ற பொறியாளர் திட்டம் போட்டுக் கட்டினார். பல்கலைக்கழகம் இந்த ஒரு கட்டடம் மட்டும் இல்லை. சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல் என்று பல இடங்களில் அதற்கு வளாகங்கள் இருக்கின்றன.

ஆராய்ச்சி என்றால் என்ன?

பரீட்சை வைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி ஆராய்ச்சி. "ஆராய்ச்சி பண்ணா சோறு கிடைக்குமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

நாம் ஊரில் வீடு வீடாகப் போய் கணக்கெடுப்பு எடுத்தோமே, தரையில் கோலமாவு போட்டு ஊர் வரைபடம் வரைந்தோமே, எத்தனை வீட்டில் கந்துவட்டிக் கடன் இருக்கிறது என்று எழுதினோமே, அதுவும் ஆராய்ச்சிதான். தெரியாத ஒன்றை முறையாகக் கேட்டு, எண்ணி, எழுதி வைத்து, மற்றவர்கள் சரிபார்க்கக் கொடுப்பது. அவ்வளவுதான் விஷயம்.

இதையே சென்னைப் பல்கலைக்கழகம் நூறு வருஷத்துக்கு முன்னே செய்திருக்கிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1915-ல் இங்கே வந்தார். மாணவர்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது கேள்வித்தாள் கொடுத்தனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எழுதி வரச் சொன்னார். அது 1918-ல் புத்தகமாக வந்தது. அதில் விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு கிராமமும் ஒன்று. 1930-களில் மறுபடி அதே ஊர்களுக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் வேறு வேறு காலத்தில் ஆய்வாளர்கள் போய், என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்த்தார்கள். ஒரு ஊரின் கடனையும் கூலியையும் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கும் கணக்கு நோட்டு அது. நம் தீர்மான நோட்டை ஏன் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன் என்று இப்போது புரியும்.

இன்னொரு உதாரணம். நம் தோல், எலும்பு, தசைநார் இவற்றுக்குப் பலம் கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். அது கண்ணுக்குத் தெரியாத அளவில் எப்படி அமைந்திருக்கிறது என்று உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி.என்.ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் அதைச் சொன்னார். மூன்று பிரியை ஒன்றாக முறுக்கிக் கயிறு திரிப்போமே, அதே அமைப்பு. ஒற்றைப் பிரி அறுந்துவிடும், மூன்று பிரி தாங்கும். நமக்குக் கயிறு திரிக்கத் தெரிந்தது போல உடம்புக்கும் தெரிந்திருக்கிறது.

தமிழுக்கும் பெரிய வேலை நடந்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேலான சொற்களுடன் தமிழ்ப் பேரகராதியை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக இந்தப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

பெயிலானவரும், பெண்களும்

கணித மேதை ராமானுஜன் பேரைக் கேட்டிருப்பீர்கள். கும்பகோணத்துப் பையன். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனசு போகாமல் கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்தார். கையில் டிகிரி இல்லை. ஆனாலும் அவருடைய கணக்கைப் பார்த்து, 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது இந்தப் பல்கலைக்கழகம். விதிமுறைக்குள் இடம் இல்லாத ஒருவருக்கு இடம் உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

பெண்களுக்கு இந்த வழி சுலபமாகத் திறக்கவில்லை. சிறு வயதிலேயே கணவனை இழந்த சுப்புலட்சுமி அம்மையார் 1911-ல் பட்டம் வாங்கினார். ஊரும் உறவும் பேசிய பேச்சுக்கு அளவில்லை. அவர் அதோடு நிற்கவில்லை. தன்னைப் போல் இளம் வயதில் கணவனை இழந்த பெண் பிள்ளைகளுக்கு விடுதி ஏற்படுத்திப் படிக்க வைத்தார். ஊர் மக்கள் அவரை சகோதரி சுப்புலட்சுமி என்று அழைத்தார்கள்.

ஜானகி அம்மாள் என்ற தாவர விஞ்ஞானி 1921-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். வெளிநாடு போய் டாக்டர் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். வயதான காலத்தில் சும்மா உட்காராமல், 1970 முதல் 1984-ல் இறக்கும் வரை மதுரவாயலில் இந்தப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். நாம் கோயம்பேடு போகும்போது தாண்டிப் போகிற அதே பக்கம்தான்.

ஒரு குழுவுக்கு வந்த நஷ்டம்

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் குழுக்கள் ஒன்றில் நடந்த ஒரு விஷயம்தான் காரணம். பேர் வேண்டாம். பிளஸ் டூ முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண். காலையில் கம்பெனி வேன் ஏறினால் இரவு வீடு. வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்க ஆசைப்பட்டாள். "ஒரே வருஷத்தில் டிகிரி, பரீட்சைக்குக் கூட வர வேண்டாம்" என்று ஒரு மையத்தில் சொன்னார்கள். அம்மா குழுவில் 18,000 ரூபாய் உள்கடன் வாங்கிக் கட்டினார். சர்டிபிகேட்டும் வந்தது. வேலைக்கு விண்ணப்பித்தபோது, அது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். மையத்துக்குப் போனால் பூட்டு. அம்மா இன்றைக்கும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கடனுக்குத் தீர்மானம் எழுதிய நாளில் நானும் கூட்டத்தில் இருந்தேன். "படிப்புக்குத்தானே, நல்ல விஷயம்" என்று நானும் சொன்னேன். மாடு வாங்கக் கடன் கேட்டால் பல்லைப் பிடித்துப் பார்த்து, எத்தனை லிட்டர் கறக்கும் என்று நூறு கேள்வி கேட்கிறோம். படிப்புக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது என் தவறும்தான்.

கடன் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பேரில் வரும்? மையத்தின் பேர் முக்கியம் இல்லை. பல்கலைக்கழகத்தின் பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. அந்தப் பல்கலைக்கழகத்தை டெல்லியில் உள்ள பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்திருக்கிறதா? அஞ்சல் வழிப் படிப்பு என்றால் அந்தப் படிப்புக்கே தனி அனுமதி வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழு வெளியிடுகிறது. படித்த பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்துச் சொல்வார்கள்.

3. பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு டிகிரி என்ற வரிசை இருக்கிறதா? நடுவில் தாண்டி வாங்கிய டிகிரி அரசு வேலைக்கு உதவாது.

4. மூன்று வருஷப் படிப்பை ஒரே வருஷத்தில் தருகிறேன் என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

5. பணம் கட்டினால் ரசீது யார் பேரில்? தனி ஆள் பேரில் கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம்.

நேர் வழியும் இருக்கிறது

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைக்கிறவர்களுக்காக சென்னைப் பல்கலைக்கழகமே 1981-ல் தொலைதூரக் கல்வி தொடங்கியது. அதன் அலுவலகம் சேப்பாக்கம் வளாகத்தில் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கிப் பஸ் பிடித்தால் போய்விடலாம். கேட் வாசலில் நின்று திரும்ப வேண்டாம். விவரம் கேட்க வந்தோம் என்று சொல்லி உள்ளே போங்கள்.

கல்லூரியிலேயே சேர்ந்து படிக்க, 2010-11-ல் பல்கலைக்கழகம் ஓர் இலவசக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இணைவு பெற்ற கல்லூரிகளில் இடம். பெற்றோர் இல்லாத பிள்ளைகள், கணவனை இழந்தவர்களின் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இவர்களுக்கு முன்னுரிமை. பிளஸ் டூ ரிசல்ட் வந்தவுடனே இதைப் பற்றி விசாரியுங்கள், நாள் குறைவாகத்தான் கொடுப்பார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிட்டால் கடைசி நேரத்தில் ஓட வேண்டாம். அரசுக் கல்லூரி என்றால் செலவு இன்னும் குறைவு.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். பல்கலைக்கழகம் இப்போது பணக் கஷ்டம் பார்த்த இடம்தான். 2024-ல் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கிய செய்தி பேப்பரில் வந்தது. அது தனியார் சொத்தாக இருந்தால் நமக்குக் கவலை இல்லை. அது அரசுப் பல்கலைக்கழகம். நாம் தீப்பெட்டி வாங்கினாலும் கட்டுகிற வரியில் அதற்கும் பங்கு போகிறது. அதனால் அது நல்லபடி நடக்கிறதா என்று கேட்க நமக்கும் உரிமை இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில்

ஒவ்வொரு குழுவிலும் ஊக்குநர் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். பிறகு மூன்று விஷயம் நோட்டில் எழுதுங்கள். குழு உறுப்பினர் வீட்டில் கல்லூரி படிப்பவர்கள் எத்தனை பேர்? அவர்கள் படிப்பது எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்? இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கும் பெண் பிள்ளைகள் யார் யார்? கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பக்கத்தைக் கொண்டு வாருங்கள். படிப்புக் கடன் கேட்டு வரும் மனுவோடு மேலே சொன்ன ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி வாங்க வேண்டும் என்று தீர்மானம் போடலாம் என்பது என் யோசனை. நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்.

அந்த பி.காம். பெண் பட்டம் வாங்கும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி மெரினா போவோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "அப்போ அந்தக் கட்டடத்துக்கு உள்ளாற போயி பாக்கலாமா மேடம்?" என்று அக்கா கேட்டார். கேட்டுப் பார்ப்போம் என்றிருக்கிறேன்.