பொது எதிரியும் ஒரு தொலைபேசி அழைப்பும்

2022 டிசம்பர் 3 அன்று இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த பிக் டென் என்ற கல்லூரிக் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டத்தில், மிச்சிகன் பல்கலைக்கழக அணி பர்டூ பல்கலைக்கழக அணியை 43-22 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அதுவரை தோல்வியே காணாத அணி வென்றதில் யாருக்கும் வியப்பில்லை. பதினோரு மாதங்கள் கழித்துத்தான் அந்த ஆட்டம் மறுபடி பேச்சுக்கு வந்தது. எதிரணிகளின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததாக மிச்சிகன்மீதே விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, அது லீக் நிர்வாகத்திடம் சில ஆவணங்களைக் கொடுத்தது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ரட்கர்ஸ், ஒகையோ ஸ்டேட் ஆகிய இரு அணிகளிலிருந்து மிச்சிகனின் சைகைகளைப் பற்றிய குறிப்புகள் பர்டூவுக்குப் போயிருந்தன என்பது அதிலிருந்த குற்றச்சாட்டு. வெவ்வேறு அணிகளிடமிருந்து தகவல் வாங்கி மிச்சிகனின் சைகைகளை அட்டவணையாகத் தொகுத்ததாக, ஒரு பிக் டென் அணியின் முன்னாள் ஊழியர் பெயர் சொல்லாமல் செய்தியாளர்களிடமும் கூறினார். பலருக்கு இது அதிர்ச்சி. ஆனால் பொது எதிரியைப் பற்றிப் போட்டிப் பயிற்சியாளர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது இந்த ஆட்டத்தில் வழக்கமான ஒன்று. அந்த வழக்கம் பெரும்பாலும் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். எந்த இடத்தில் அது நியாயத்தை விட்டு விலகுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கர்களின் கால்பந்து. நாம் பார்த்துப் பழகிய ஆட்டத்தைப் போல இது தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதில்லை. சில நொடிகள் மோதல், பிறகு நிறுத்தம், அடுத்த மோதலுக்கு முன் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து சைகையால் அனுப்பும் கட்டளை என்று துண்டு துண்டாக நகரும். ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கமும் முன்கூட்டியே ஒரு திட்டம் உண்டு. பதினொருவரில் யார் எங்கே நிற்பது, யார் யாரை மறிப்பது, பந்தை எறிவதா, தூக்கிக்கொண்டு ஓடுவதா எல்லாம் எழுதி, மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்க்கப்பட்டவை. எனவே எதிரணியின் பழக்கங்களை ஆராய்வதே பயிற்சியாளரின் வாரத்தை விழுங்கிவிடும். அதற்கான மூலப்பொருளில் ரகசியம் எதுவும் கிடையாது. மைதானத்திலுள்ள இருபத்திரண்டு பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படத்தைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் எல்லா அணிகளும் பார்க்கலாம். பள்ளி அணிகளின் பயிற்சியாளர்கள் ஒரு காலத்தில் சனிக்கிழமை காலையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஓரிடத்தில் சந்தித்துப் படச்சுருளை மாற்றிக்கொள்வார்கள். அந்த வேலையை இன்று ஹடில் போன்ற இணையச் சேவைகள் செய்கின்றன. நேற்று என்னோடு மோதியவனின் படத்தை நாளை அவனோடு மோதப் போகிறவனுக்குக் கொடுப்பது இங்கே அன்றாட நடைமுறை.

படமே கையில் இருக்கும்போது பேசுவதற்கு என்ன மிச்சமிருக்கிறது? நிறையவே இருக்கிறது. என்ன நடந்தது என்பதைப் படம் காட்டும். என்ன நடக்க வேண்டுமென்று கட்டளையிடப்பட்டது என்பது அதில் தெரியாது. எதிரணியின் ஓட்டக்காரர் இடப்பக்கத்து இடைவெளியில் புகுந்து இருபது கெஜம் ஓடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளி எதிரணியின் திறமையால் உண்டானதா, தடுப்பாட்டக்காரர் ஒருவர் தனக்குச் சொன்ன இடத்தில் நிற்காமல் போனதால் உண்டானதா? அன்றைக்குத் தடுப்பாட்டத்துக்குக் கட்டளை கொடுத்தவருக்கு மட்டுமே இது தெரியும். இன்னொருவர் படத்தை நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் ஊகிக்க மட்டுமே முடியும். வலது ஓரத்தில் மறிப்பவரின் கை எவ்வளவு வேகமாக நீள்கிறது, கூச்சல் மிகுந்த மைதானத்தில் அந்த அணி தடுமாறியதா, கடைசி நிமிடத்தில் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் திட்டத்தை மாற்றியது அவராகவா அல்லது ஓரத்திலிருந்து வந்த உத்தரவாலா என்பதையெல்லாம் களத்தில் எதிரே நின்றவரிடம்தான் கேட்க வேண்டும். பயிற்சியாளர்கள் ஒருவரையொருவர் அழைப்பது இதற்காகத்தான்.

போட்டியாளனுக்கு உதவுவது முட்டாள்தனமில்லையா என்ற கேள்வி உடனே எழும். பதில் ஆட்ட அட்டவணையில் இருக்கிறது. ரட்கர்ஸ் அந்தப் பருவத்தில் மிச்சிகனிடம் 52-17 என்று நவம்பர் 5 அன்றே தோற்றிருந்தது. ஒகையோ ஸ்டேட் நவம்பர் 26 அன்று 45-23 என்று தோற்றது. இருவருக்கும் அந்த ஆண்டு மிச்சிகனோடு இன்னொரு லீக் ஆட்டம் கிடையாது. சேர்த்து வைத்த அறிவு அவர்களுக்கு இனி உதவாது, பர்டூவுக்கோ அது பொன். கொடுப்பவருக்குச் செலவில்லாமல் வாங்குபவருக்கு லாபம் தரும் பண்டம் கைமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தொழிலின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. இந்தப் பயிற்சியாளர்கள் ஓரிடத்தில் வேர்விடுவதில்லை. இன்று எதிரே நிற்பவர் மூன்றாண்டு முன்பு பக்கத்து மேசையில் இருந்தவர், மூன்றாண்டு கழித்து வேலை கொடுக்கப் போகிறவராகவும் இருக்கலாம். 1922இலிருந்து இயங்கும் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாடுகளில், தங்கள் உத்திகளைப் போட்டியாளர்கள் நிறைந்த அரங்கில் மேடையேறி விளக்குகிறார்கள்.

ஆனாலும் செலவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிரணி எதற்குத் திணறியது என்று சொல்ல வேண்டுமானால், நான் என்ன செய்தேன் என்றும் சொல்லியாக வேண்டும். என் தடுப்பு வியூகத்தையும் அதன் பலவீனத்தையும் என் யோசனை போகும் தடத்தையும் கேட்பவர் தெரிந்துகொள்வார். அடுத்த ஆண்டு அவரே என் எதிரணியாக வரலாம். ஆகவே இந்த அழைப்புகள் எல்லாத் திசையிலும் போவதில்லை. பழைய சகாக்களுக்கும், சீக்கிரம் மோத வேண்டியிராதவர்களுக்குமே மனம் திறந்த பதில் கிடைக்கும்.

2015 ஜனவரியில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அம்மாதம் 10ஆம் தேதி நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி பால்டிமோர் ரேவன்ஸ் அணியை 35-31 என்று வென்றது. பந்தைப் பிடிக்கத் தகுதியுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று குழம்ப வைக்கும் விசித்திர வியூகங்களை அன்று பேட்ரியாட்ஸ் இறக்கியது. அடுத்த வாரம் அதே அணியைச் சந்திக்கவிருந்த இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் சக் பகானோ, 2011இல் ரேவன்ஸின் தடுப்பாட்டப் பொறுப்பாளராக இருந்தவர். ரேவன்ஸ் தரப்பிலிருந்து சிறப்பு அணிகளின் பயிற்சியாளர் ஜெர்ரி ராஸ்பர்க் அவரோடு பேசினார். இது பிறகு வெளியே வந்தது. பேட்ரியாட்ஸ் பந்தின் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது என்று ரேவன்ஸ் துப்புக் கொடுத்ததா என்ற சர்ச்சை எழுந்தபோது, அதை ரேவன்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஹார்பா மறுத்தார். ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதை அவர் மறுக்கவில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஜனவரி 18 அன்று கோல்ட்ஸ் 45-7 என்று நொறுங்கிப்போனது.

அந்தத் தோல்வியை வைத்து, இந்த ஆலோசனைகளால் பயனே இல்லை என்று சிலர் வாதிடலாம். 43-22, 45-7 என்ற இரண்டு கணக்குகளும் அவர்களுக்குச் சாதகமாகவே தெரிகின்றன. இரண்டு ஆட்டங்களை வைத்து அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. பர்டூ முதல் பாதியின் முடிவில் ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தது. ஆலோசனை இல்லாதிருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று அளக்க வழியும் இல்லை. ஆனால் தெரிந்துகொள்வதற்கும் செய்து முடிப்பதற்கும் நடுவிலுள்ள தூரத்தை இந்தக் கணக்குகள் காட்டுகின்றன. உலகக் கால்பந்திலும் இதற்குச் சான்று உண்டு. 2012 கோபா டெல் ரே இறுதியில் மார்செலோ பியல்சாவின் அத்லெடிக் பில்பாவ், குவார்தியோலாவின் பார்சிலோனாவிடம் 3-0 என்று தோற்றது. பார்சிலோனாவைப் பற்றித் தான் தயாரித்து வைத்திருந்த ஆய்வைப் பியல்சா பிறகு குவார்தியோலாவுக்கே பரிசாகக் கொடுத்தார். பார்சிலோனாவைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கிறதே என்று குவார்தியோலா வியந்தாராம். ஆனாலும் விழுந்த மூன்று கோல்கள் விழுந்தவைதான் என்றார் பியல்சா.

இதை அவர் சொன்னது 2019 ஜனவரியில். லீட்ஸ் யுனைடெட் பயிற்சியாளராக இருந்த அவர், டெர்பி கவுண்டி அணியின் பயிற்சியை வேவு பார்க்க ஆளனுப்பி மாட்டிக்கொண்டு விளக்கம் கொடுத்த நேரம் அது. லீட்ஸுக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக் கூடாதென்று ஆங்கிலக் கால்பந்து லீக் புதிய விதி போட்டது. 2007இல் எதிரணியின் சைகைகளை மைதான ஓரத்திலிருந்து படமெடுத்ததற்காகப் பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக் 5 லட்சம் டாலர் கட்டினார். அவருடைய அணி இரண்டரை லட்சம் டாலரோடு முதல் சுற்று வீரர் தேர்வு ஒன்றையும் இழந்தது. மிச்சிகன்மீது வந்த புகாரும் இதே வகைதான். எதிரணிகளின் ஆட்டங்களுக்கு நேரில் ஆளனுப்பி வேவு பார்ப்பதைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ 1994இலேயே தடை செய்திருந்தது. அதை மீறியதாகச் சொல்லித்தான் ஜிம் ஹார்பாவை, மேலே சொன்ன ஜானின் தம்பியை, 2023 நவம்பரில் பிக் டென் லீக் மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைத்தது. தண்டனை விழுந்த இடங்களிலெல்லாம் குற்றம், தகவலைப் பெற்ற முறையில் இருந்தது. நேர்மையாகத் தெரிந்துகொண்டதை இன்னொருவருக்குச் சொன்னதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. என் திட்டம் எனக்கு மட்டுமே சொந்தம். மூன்றாவது அணியோடு ஆடி நான் கற்றதும் எனக்குச் சொந்தம்தான், அதை யாருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம்.

பல அணிகள் கூடி ஒன்றைச் சாய்க்கின்றன என்ற மனக்குறையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்த ஒன்றும் தொலைபேசியை எடுக்கலாமே என்பது பாதிப் பதில்தான். நண்பர்கள் நிறைந்த மூத்த பயிற்சியாளருக்குப் பத்து இடங்களிலிருந்து பதில் வரும், புதிதாக வந்தவருக்கு யாரைக் கேட்பதென்றே தெரியாது. நேரில் வேவு பார்ப்பதற்கு வந்த தடையின் ஒரு நோக்கம், பணக்கார அணிக்கும் ஏழை அணிக்கும் இடையிலான வித்தியாசத்தைக் குறைப்பது. பணத்தால் வரும் வித்தியாசத்தைக் குறைத்த விதி, பழக்கத்தால் வரும் வித்தியாசத்தை விட்டுவிட்டது. தலைமைப் பதவிகள் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன என்பதால்தான், சிறுபான்மையினரையும் நேர்காணலுக்கு அழைக்க வேண்டுமென்று 2003இல் என்எஃப்எல் ரூனி விதியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு இந்த அழைப்புகளும் எட்டுவதில்லை. தொலைபேசியைத் தடை செய்து இதைச் சரிப்படுத்த முடியாது, பதவிகளின் கதவை அகலத் திறந்தால்தான் முடியும்.

சைகைகளின் கதை வேறு. எதிரணிக்கு மூன்றாம் முயற்சியில் ஏழு கெஜம் தேவைப்பட்டால் அது என்ன செய்யும் என்று சொல்வது ஆட்டத்தைப் படித்த அறிவு. ஓரத்தில் நிற்பவர் தலையைத் தட்டிப் பிறகு முழங்கையைத் தொட்டால் எறிதல் வருகிறது என்று சொல்வது ஒரு சாவியைக் கைமாற்றுவது. ஆட்டத்தின்போது கண்ணால் பார்த்துச் சைகையைக் கண்டுபிடிப்பது விதிப்படி குற்றமில்லை, கண்டுபிடித்ததைப் பகிர்வதும் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு அணியும் தன் பங்குக்குச் சில சைகைகளைக் கண்டுபிடித்து, எல்லாம் ஒரே அட்டவணையில் சேரும்போது, ஓர் அணி தனியாக ஒருபோதும் எட்ட முடியாத அறிவு பிறக்கிறது. எதிரே நிற்பவர் தன்னோடு மோதும் அணியின் கண்களுக்குத் தப்ப முயலலாம், லீக் முழுவதன் கண்களுக்கும் எப்படித் தப்புவார்? சட்டப்படி சரியாக இருந்தாலும் அதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2024இல் என்சிஏஏ முதல்நிலைப் பிரிவு அணிகளுக்கு ஹெல்மெட் ரேடியோவை அனுமதித்தது. களத்திலுள்ள ஒரு வீரரின் காதில் பயிற்சியாளர் நேரடியாகப் பேசலாம், ஆட்டத்துண்டைத் தொடங்கக் கொடுத்த நேரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது தொடர்பு துண்டிக்கப்படும். என்எஃப்எல் இதை 1994இலேயே குவார்ட்டர்பேக்குக்குக் கொடுத்துவிட்டது, கல்லூரிகளுக்கு வர முப்பது ஆண்டுகள் பிடித்தன. பெரிய அணிகளின் சைகை அட்டவணைகளுக்கு இனி அவ்வளவு மதிப்பிருக்காது. ஆனால் பள்ளி மைதானங்களில் கையசைப்பும் படம் போட்ட அட்டைகளும் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. அங்கே ஆடுபவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். எதிரணியின் சைகைகளைப் பிற அணிகளிடமிருந்து பெறக் கூடாது என்ற ஒற்றை வரியை, படப் பரிமாற்றத்துக்கு ஏற்கெனவே இருக்கும் விதிகளோடு அந்தந்த லீக்குகள் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற ஆலோசனைகளுக்கு எந்தத் தடையும் தேவையில்லை.