நிலவின் சூட்டில் தவித்த சந்திரயான்

மைசூர் - பெங்களூர் ரயிலில் போய் வருகிறவர்களுக்கு பிடதி ஸ்டேஷன் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தில் பயலாலு என்ற கிராமத்தில், 32 மீட்டர் அகலமுள்ள ராட்சத ஆன்டெனா ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறது. சந்திரயான்-1 விண்கலத்தோடு பேசுவதற்காக அமைத்தது அது. 2008 நவம்பரில் அந்தக் கலத்திலிருந்து கவலையான சேதி வந்தது: உள்ளே உஷ்ணம் ஏறுகிறது!

காற்றில்லாத இடம்

நமக்குப் புழுங்கினால் விசிறிக் கொள்கிறோம். காற்று சூட்டை எடுத்துப் போகிறது. விண்வெளியில் காற்றே கிடையாது. அடுப்புத் தணல் தொடாமலே நம்மேல் அனல் அடிக்கிறதல்லவா? அதுபோல் அனலாக வீசித்தான் கலம் தன் சூட்டை வெளியேற்ற வேண்டும். வெயில் படும் பக்கம் கொதிக்கும். நிழல் பக்கம் உறையும்.

அதற்காகக் கலத்துக்குப் பல அடுக்குப் போர்வை போர்த்துகிறார்கள். படங்களில் தங்கம்போல் மின்னுவது இதுதான். தங்கமல்ல, அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். கருவிகளின் சூடு வெளியேற, கண்ணாடிபோன்ற தகடுகள் உண்டு. குளிருக்குச் சிறு ஹீட்டர்கள் உண்டு.

கீழேயும் ஓர் அடுப்பு

2008 அக்டோபர் 22-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட கலம், நிலவுக்கு 100 கி.மீ. உயரத்தில் சுற்றியது. நிலவின் தரை நண்பகலில் சுமார் 120 டிகிரி வரை காயும். மேலே சூரியன், கீழே நிலவின் அனல். விஞ்ஞானிகள் போட்டிருந்த கணக்கை மீறி, கலத்துக்குள் உஷ்ணம் 50 டிகிரியை நெருங்கியது. இன்னும் ஏறினால் கருவிகள் கெட்டுவிடும்.

ரிப்பேருக்கு ஆள் அனுப்பும் தூரமா அது? சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கி.மீ.! திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்த தமிழர். அவருடைய குழுவினர் இங்கிருந்தே கலத்தை 20 டிகிரி திருப்பினார்கள். சில கருவிகளை நிறுத்தினார்கள். மற்றவற்றை முறை வைத்து இயக்கினார்கள். உஷ்ணம் 40 டிகிரிக்கு இறங்கியது.

வீண் போகவில்லை

2009 மே மாதம் கலம் 200 கி.மீ. உயரத்துக்கு ஏற்றப்பட்டது. ஆகஸ்ட் 29-ல் தொடர்பு அறுந்தது. இரண்டு வருஷத்துக்கென்று போனது, 312 நாள்தான் உழைத்தது. ஆனால் அதற்குள், அதிலிருந்த அமெரிக்கக் கருவி நிலவில் நீரின் தடயத்தைக் கண்டுவிட்டது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். நம் விஞ்ஞானிகள் போனார்கள். 2019-ல் அனுப்பிய சந்திரயான்-2, அதே 100 கி.மீ. உயரத்தில் வருஷக்கணக்காக நிலவைச் சுற்றி வந்திருக்கிறது.