தலையில் பட்ட சிறு அடி, வாரங்கள் கழித்து வரும் ஆபத்து

பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். தலை சுவரில் இலேசாக இடித்தது. காயமில்லை, மயக்கமில்லை. தைலம் தேய்த்து, இரண்டு பானடோல் கொடுத்ததோடு வீட்டில் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து அவர் நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. "வயசாயிடுச்சு, ஞாபக மறதி" என்று விட்டுவிடுகிறோம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் கிள்ளான் தோட்டப்புறத்திலும் இது நடக்கக்கூடியதே.

மூளையைச் சுற்றி மெல்ல மெல்லச் சேரும் இரத்தக்கசிவாக இது இருக்கலாம். மருத்துவர்கள் இதை 'சப்டூரல் ஹெமடோமா' என்பர்.

2024 மார்ச் மாதம் ஈஷா நிறுவனர் சத்குரு ஜக்கி வாசுதேவுக்கு டெல்லி அப்போலோ மருத்துவமனையில் இதற்காகவே அவசர அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 66. சுமார் நான்கு வாரங்களாகக் கடுமையான தலைவலி இருந்தும், வலி மாத்திரையோடு மகா சிவராத்திரி நிகழ்ச்சியை நடத்தினார். ஸ்கேன் எடுத்தபோது மூன்று நான்கு வாரப் பழைய கசிவும், ஓரிரு நாளுக்குள் ஏற்பட்ட புதிய கசிவும் தெரிந்தன.

பழைய கசிவின் மேல் புதிய கசிவு எப்படி வருகிறது?

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளையிலிருந்து அதன் தடித்த வெளியுறைக்குச் செல்லும் மெல்லிய சிரைக்குழாய்கள் இழுபடுகின்றன. சிறு குலுக்கல் போதும், ஒன்று கிழிந்து கொஞ்சம் இரத்தம் கசியும். நீண்டகாலம் சம்சு, பீர் குடிப்பவர்களுக்கும் மூளை சுருங்கும். கல்லீரல் கெட்டிருந்தால் இரத்தம் உறைவதும் தாமதமாகும்.

கசிந்த இரத்தத்தை உடல் ஒரு காயமாகவே பார்க்கிறது. அங்கே அழற்சி உண்டாகி, இரண்டு மூன்று வாரங்களில் இரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது. சவ்வில் புதிய நுண்குழாய்களும் முளைக்கின்றன. ஆனால் அவை பலமில்லாதவை, எளிதில் ஒழுகும். போதாததற்கு, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி அங்கே அதிகமாக வேலை செய்கிறது. அடைபட வேண்டிய கசிவு அடைபடாமல் தொடர்கிறது. ஆற்ற வந்த ஏற்பாடே புண்ணை வளர்க்கிறது.

தேங்கிய இரத்தம் நீரை உறிஞ்சிப் பெருக்கிறது என்றுதான் 1930-களில் நம்பினார்கள். 1971-இல் அளந்து பார்த்தபோது அப்படியில்லை எனத் தெரிந்தது. அழற்சிதான் காரணம் என்று ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ 1857-இலேயே கூறியிருந்தார்.

சுருங்கிய மூளையைச் சுற்றி இடம் இருப்பதால், இரத்தம் நன்றாகச் சேரும்வரை அறிகுறி தெரியாமல் போகலாம். தாமதத்திற்கு இதுவே காரணம்.

சிகிச்சை உண்டு

மண்டையோட்டில் சிறு துளையிட்டு இரத்தத்தை வெளியேற்றுவார்கள். பெரும்பாலோர் தேறிவிடுவர். துளை வழியே ஒரு குழாயை இரண்டு நாள் விட்டுவைத்தால், மறுபடி இரத்தம் சேர்வது 24 விழுக்காட்டிலிருந்து சுமார் 9 விழுக்காடாகக் குறைகிறது என்று 2009-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அந்தச் சவ்வுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியை அடைக்கும் முறையும் வந்துள்ளது. 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மறு அறுவை தேவைப்பட்டவர்கள் 11.3 விழுக்காட்டிலிருந்து 4.1 விழுக்காடாகக் குறைந்தனர்.

நாம் கவனிக்க வேண்டியவை

விழுந்த பிறகு நாள்பட்ட தலைவலி, தள்ளாட்டம், ஒரு பக்க பலவீனம், பேச்சுக் குழறல், திடீர்க் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை வந்தால் முதுமை என்று ஒதுக்காதீர்கள். எப்போது விழுந்தார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டு மாதத்திற்கு முந்தியதானாலும் சொல்லுங்கள். ஒரு சிடி ஸ்கேன் பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும்.

இருதயத்திற்காக வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து கூடுதல். தலையில் அடிபட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆனால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். அது வேறு ஆபத்தைக் கொண்டுவரும்.

நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, உடனே 999-ஐ அழையுங்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா, கோலாலம்பூர் மருத்துவமனை போன்றவற்றின் அவசரப் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்றே குளியலறையில் ஒரு கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் போட்டுவையுங்கள். அதுவே முதல் மருந்து.