புஷ்ஷா, பால் பேரிங்கா?

பிரித்துப் போட்ட டர்போசார்ஜரில் எளிதில் கண்ணில் படாத பொருள் இரண்டு வெண்கல வளையங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. சுற்றிலும் ஆயில் போக நாலைந்து துளைகள். ஆட்டோமேட்டிக் லேத்தில் நொடிக்கணக்கில் கடைந்து தள்ளிவிடலாம். இவைதான் புஷ். சாலையில் ஓடும் டர்போ வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வளையங்களை நம்பித்தான் ஓடுகின்றன. இவற்றுக்குப் பதிலாகப் பால் பேரிங் வைத்த டர்போ வேண்டும் என்றால், அமெரிக்கச் சந்தையில் அதே அளவு டர்போவுக்குப் பல நூறு டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். சில மாடல்களில் விலை ஏறக்குறைய இரட்டிப்பு.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்தால், ‘உரசுவதைவிட உருள்வது நல்லதுதானே’ என்ற பதில் முதலில் வரும். சைக்கிள் சக்கரம் முதல் மின்விசிறி வரை நம் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. டர்போ விஷயத்தில் இது பாதிதான் சரி. ஒழுங்காக ஓடும் புஷ்ஷில் உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. தேய்மானத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் யாரும் பால் பேரிங்குக்குப் போக வேண்டியதில்லை. அந்தப் பணம் பெரும்பாலும் நேரத்தை வாங்குகிறது; ஆக்ஸிலரேட்டரை மிதித்ததற்கும் வண்டி பாய்வதற்கும் இடையில் வீணாகும் நேரத்தில் ஒரு துண்டை.

டர்போவின் அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். விற்பனைக்கு வந்த கார்களில் அது நுழைய 1962 ஆயிற்று. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் செவர்லே கார்வேர் மான்சா ஸ்பைடரும் அந்த ஆண்டு வந்தவை.

இந்த ஏற்பாட்டில் பாடுபடுவது அந்தத் தண்டுதான். சிறிய கார் டர்போவில் அது நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுச் சுற்றுவது சர்வ சாதாரணம். 2,00,000ஐத் தாண்டுபவையும் உண்டு. 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,50,000 சுற்றில் அதன் மேற்பரப்பு மணிக்கு ஏறத்தாழ 226 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு முனையில், பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், 900 டிகிரி செல்சியஸையும் தாண்டும் புகை. சில சென்டிமீட்டர் தள்ளி மறுமுனையில் வெளிக்காற்று. இரண்டுக்கும் நடுவே பேரிங் உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்துக்குப் போட்டியிடும் இரண்டு வகை பேரிங்குகளின் நவீனக் கதையும் 1883 என்ற ஒரே ஆண்டில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பூச்சம்ப் டவர் என்ற பொறியாளர், மெக்கானிக்கல் பொறியாளர் கழகத்துக்காக ரயில் அச்சுகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். அச்சின் மேல் ஒரு பித்தளைப் பேரிங். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் முங்கியிருந்தது. எண்ணெய் விடும் கிண்ணம் ஒன்றைப் பொருத்துவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. தக்கையை வைத்து அடைத்தார், பிடுங்கிக்கொண்டு வந்தது. மரச்செருகை அடித்து இறக்கினார், அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது. கடைசியில் ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தபோது, பேரிங் மீதிருந்த சராசரி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிக் காட்டியது.

சுமையைத் தாங்கியது பித்தளை அல்ல, எண்ணெய். சுழலும் அச்சு எண்ணெயை இழுத்துக்கொண்டு குறுகிப்போகும் இடுக்குக்குள் திணிக்கிறது. போக வழியில்லாத எண்ணெய் அழுத்தம் ஏறி அச்சையே தூக்கிவிடுகிறது. மழை நாளில் வேகமாகப் போகும் காரின் டயர் தண்ணீர்மேல் ஏறிச் சறுக்குவதும் ஏறக்குறைய இதைப் போன்றதுதான். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதைச் சமன்பாடாக எழுதினார். இன்றும் டர்போ புஷ்ஷை வடிவமைப்பவர்கள் அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதே 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர், இரும்புக் குண்டுகளை ஒரே அளவில், ஒரே உருண்டையாகச் சாணைபிடிக்கும் இயந்திரத்தைச் செய்தார். பால் பேரிங் தொழிற்சாலைப் பொருளானது அதற்குப் பிறகுதான். அந்த ஊர் பேரிங்குக்கே பேர்போன ஊராகி, அதனாலேயே இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கும் ஆளானது. 1943 அக்டோபர் 14 அன்று அங்கே போன அமெரிக்க பி-17 விமானங்களில் 60 திரும்பவில்லை. அந்த விமானங்களை அவ்வளவு உயரத்தில் பறக்கவைத்தது ஜெனரல் எலெக்ட்ரிக் வடிவமைத்த டர்போ. டர்போவும் பால் பேரிங்கும் அன்று எதிரெதிர்ப் பக்கம்!

இனி டர்போவுக்குள் வருவோம். ‘முழு மிதவை’ வகை புஷ் தண்டோடு இறுக்கமாகவும் இருக்காது, வெளிக்கூட்டோடும் இறுகியிருக்காது. உள்ளே ஓர் எண்ணெய்ப் படலம், வெளியே ஓர் எண்ணெய்ப் படலம். தண்டு சுழலும்போது புஷ்ஷும் அதைவிடக் குறைந்த வேகத்தில் கூடவே சுழலும். வேக வித்தியாசம் இரண்டு படலங்களுக்கும் பங்காகிவிடுவதால் சூடும் இழப்பும் குறைகின்றன. இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. இவ்வளவு லேசான தண்டு இவ்வளவு வேகத்தில் சுழன்றால், எண்ணெயோடு சேர்ந்து அதுவும் வட்டமடித்து ஆடப் பார்க்கும். வெளிப்படலம் அந்த ஆட்டத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சில ரூபாய் வெண்கலத்தில் இவ்வளவு புத்திசாலித்தனம் அடங்கியிருக்கிறது என்பதை நினைத்தால், ‘மலிவு’ என்று இதை ஒதுக்குபவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே வருவதுண்டு.

ஆனால் எண்ணெய்ப் படலத்தைக் கத்தரித்துக்கொண்டே சுழல்வதற்கும் சக்தி வேண்டும். எஞ்சின் முழு மூச்சில் இருக்கும்போது இது பெரிய விஷயமில்லை. 250 குதிரைத்திறன் தரும் 2 லிட்டர் எஞ்சினில் காற்றை அழுத்த மட்டும் 20 கிலோவாட் அளவுக்குத் தண்டு வழியே பாயும். பேரிங் தின்பது அதில் சிறு பங்கு. சிக்கல் கீழ் ஆர்.பி.எம்.மில் இருக்கிறது. தண்டின் வேகம் பாதியானால் காற்றுச் சக்கரத்தின் சக்தி ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறையும். எண்ணெய்ப் படலம் தின்னும் சக்தியோ நாலில் ஒன்றாகத்தான் குறையும். அதாவது வேகம் பாதியாக இறங்கும் ஒவ்வொரு முறையும் பேரிங்கின் பங்கு இரண்டு மடங்காகிறது. சிக்னலில் நின்று கிளம்பும் நேரத்தில் புகை கொடுக்கும் கொஞ்சநஞ்ச சக்தியில் கணிசமான பகுதியை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. குளிர்ந்து கெட்டியான ஆயிலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ‘பிக்கப் இல்லை’ என்று டிரைவர் சலித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பால் பேரிங் தலையெடுப்பது இங்கேதான். தண்டு வேகமெடுக்கும் நேரம் புஷ்ஷைவிட 15 சதவீதம் குறைகிறது என்று டர்போ தயாரிக்கும் காரெட் நிறுவனம் விளம்பரம் செய்கிறது. விளம்பரக் கணக்கில் தள்ளுபடி செய்ய வேண்டியதைச் செய்துகொள்ளலாம். பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. 1999இல் நிசான் சில்வியா எஸ்15 காரிலும், பின்னர் மெர்சிடிஸ் ஏஎம்ஜி 2019இல் கொண்டுவந்த 421 குதிரைத்திறன், 2 லிட்டர் எஞ்சினிலும் இத்தகைய டர்போவைக் கம்பெனியே பொருத்தியது. உச்சபட்ச பவர் மட்டும் நோக்கமென்றால் பெரிய டர்போவைப் புஷ்ஷோடு மாட்டினாலே போதும். அந்தப் பெரிய டர்போ தாமதிக்காமல் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத்தான் இந்தச் செலவு.

செலவு ஏன் இவ்வளவு? ஒரு குண்டை மட்டும் பார்ப்போம். 3 மில்லிமீட்டர் இரும்புக் குண்டின் எடை 0.11 கிராம். தண்டு 1,50,000 சுற்றுச் சுற்றும்போது குண்டு அதைச் சுற்றி ஏறத்தாழ 60,000 சுற்று வலம் வருகிறது. அந்த வேகத்தில் அந்தத் துக்கடா குண்டு வெளி வளையத்தை 3 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. தண்டின் சுமை ஒன்றுமே இல்லாமல், தன் எடையால் மட்டும்! அதனால்தான் நல்ல டர்போக்களில் சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக் குண்டுகளைப் போடுகிறார்கள். இரும்பின் எடையில் நாற்பது சதவீதம்தான். அழுத்தம் ஒன்றேகால் கிலோவாகக் குறைந்துவிடும். ஆனால் அதைச் செய்வது லேசான காரியமல்ல. பொடியை அழுத்தி 1,700 டிகிரிக்கு மேல் சுட்டு, கல்லைவிடக் கடினமாகிப்போன உருண்டையை வைரத்தூள் கொண்டு நாள்கணக்கில் மெருகேற்ற வேண்டும். உயர்தரக் குண்டு ஒன்றின் உருண்டைத் தன்மையில் 0.13 மைக்ரானுக்கு மேல் பிசகு கூடாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் கிடைக்கும் துண்டில் ஏறத்தாழ எட்டில் ஒன்று. அதோடு வெப்பம் தாங்கும் தனி எஃகில் வளையங்கள், குண்டுகளைப் பிரித்துவைக்கும் கூண்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குழலாகக் கோத்த கார்ட்ரிட்ஜ்.

இவ்வளவு செய்தும் அந்தக் கார்ட்ரிட்ஜை வெளிக்கூட்டில் இறுக்கிவைக்க முடியாது. இறுக்கினால் அதிர்வு நேரே குண்டுகளில் போய் இறங்கும். ஆகவே அதையும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில்தான் மிதக்கவிடுகிறார்கள். டவர் கண்ட எண்ணெய் இங்கேயும் அதிர்வைத் தாங்கும் வேலையைச் செய்கிறது.

பால் பேரிங் நெடுநாள் உழைக்கும் என்ற பேச்சிலும் ஓர் உண்மை இருக்கிறது. தண்டை ஒரு பக்கமாகத் தள்ளும் விசையைத் தாங்குவதற்கு, புஷ் டர்போவில் ‘த்ரஸ்ட்’ என்ற தட்டையான தகடு தனியே உண்டு. அளவுக்கு மீறி பூஸ்ட் ஏற்றினால் முதலில் தேய்ந்து போவது இதுதான். சாய்வாகத் தொடும்படி வைத்த குண்டுகள் அந்தப் பக்கவாட்டு விசையை நன்றாகவே தாங்கும். பந்தயக்காரர்கள் பால் பேரிங்கை விரும்புவதில் இதற்கும் பங்குண்டு. மறுபுறம், குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. புஷ்ஷில் அது பல மைக்ரான். ஆயிலில் வரும் பொடித்தூளை மென்மையான வெண்கலம் தனக்குள் புதைத்துக்கொண்டு ஓரளவு சமாளிக்கும். குண்டு ஓடும் பாதையில் அது பள்ளம் போட்டுவிடும். ஆயில் மாற்றுவதில் அலட்சியம் காட்டுபவர் கையில் விலை கூடிய டர்போதான் சீக்கிரம் கெடும்.

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ சரக்கேற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் லாரியை நினைத்துப் பாருங்கள். தண்டு மணிக்கணக்கில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழல்கிறது. அரைநொடியை மிச்சப்படுத்தி அந்த வண்டிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. புஷ் தேய்ந்தால் கிட் வாங்கி, புஷ், த்ரஸ்ட், ரிங் எல்லாம் மாற்றி, தண்டைப் பேலன்ஸ் செய்து மறுபடி மாட்டிவிடலாம். பால் பேரிங் போனால் பெரும்பாலும் ‘கோர்’ என்ற நடுப்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். டீசல் லாரிக்கு மட்டுமல்ல, தினமும் வேலைக்குப் போய்வரும் சிறிய டர்போ பெட்ரோல் காருக்கும் புஷ்ஷே போதும் என்பது என் கருத்து. அதில் உள்ள டர்போ எப்படியும் சிறியது, சக்கரங்கள் லேசானவை, சீக்கிரம் விழித்துக்கொள்ளும்.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. பால் பேரிங் மாடல் என்று விற்பவற்றில் சக்கரமும் வேறாக இருப்பது வழக்கம். போர்க்வார்னர் நிறுவனத்தின் இஎஃப்ஆர் டர்போ வரிசையில் செராமிக் குண்டுகளோடு, புகைப்பக்கச் சக்கரமும் எடை குறைந்த டைட்டானியம்-அலுமினியக் கலவை. அதன் வேகமான எழுச்சியில் எவ்வளவு குண்டின் புண்ணியம், எவ்வளவு சக்கரத்தின் புண்ணியம் என்று பிரிப்பது கடினம். பழைய வடிவப் புஷ் டர்போவின் விலையை அதன் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் முழுவதையும் பேரிங் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

வாங்குபவர் மறந்துவிடும் உபரிச் செலவுகளும் உண்டு. பால் பேரிங்குக்கு ஆயில் குறைவாகவே வேண்டும். அதிகம் போனால் உள்ளே தேங்கிக் கசியும். பல மாடல்களுக்கு ஆயில் வரும் வழியில் 1 மில்லிமீட்டர் துளை போட்ட ரெஸ்ட்ரிக்டர் ஒன்றைப் பொருத்தச் சொல்கிறார்கள். தண்ணீர்க் குழாய் இணைப்பும் வேண்டும். ஏற்காடு மலையேறி நின்ற உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால், ஆயில் பம்ப் நின்றுவிடும். சக்கரத்தில் உள்ள சூடு மட்டும் பேரிங் பக்கம் நகர்ந்துவந்து, தேங்கிய ஆயிலைக் கரியாக்கும். புஷ் வண்டிக்காரர்கள் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது இதற்காகத்தான். பால் பேரிங்கில் தண்ணீர்ச் சுற்று இல்லாமல் இந்தச் சூட்டை விட்டால், கெடுவது சில ரூபாய் வளையம் அல்ல.

பழைய டர்போ வாங்குபவர்கள் செய்யும் சோதனையிலும் ஒரு குழப்பம் உண்டு. புஷ் டர்போவின் தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் லேசாக ஆடும். ஆயில் இல்லாதபோது அந்த இடைவெளி காலியாக இருக்கிறது, அவ்வளவே. சக்கரம் கூட்டை உரசாதவரை கவலை வேண்டாம். தண்டு முன்னும் பின்னும் நகர்வது கைக்குத் தெரிந்தால் த்ரஸ்ட் போய்விட்டது என்று பொருள்; விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது வேறு கடைக்குப் போகலாம்.